வாந்திக் குளிகை

எனக்குச் சந்தேகப் புத்தி உண்டு. மீன்காரி சுமையை இறக்கியதும் செவுளை விரித்துப் பார்ப்பேன். அவள் நல்ல மீன் என்று சத்தியம் செய்தால் இன்னொரு தடவை பார்ப்பேன். பால் பாக்கெட்டில் தேதி சரியாக இருந்தாலும் முகர்ந்து பார்க்காமல் அடுப்பில் வைப்பதில்லை. போகிற வீட்டில் இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு என்ன பாடுபடப் போகிறாயோ என்று உம்மா புலம்புவாள். தேங்காப்பட்டணத்தில் வாழ்க்கைப்பட்டு வந்த இந்த வீட்டில் கட்டியவரின் உம்மாவான மாமியைத் தவிர வேறு யாரும் கிடையாது. மச்சான் என்று நான் கூப்பிடுகிற அவர் துபாயில். ஆக, என் சந்தேகம் முழுவதும் மாமிக்கே வாய்த்தது.

இரண்டாவது தடவை உண்டானபோது வாந்தி என்னைப் போட்டு உலுக்கி எடுத்துவிட்டது. முதல் பிள்ளை மூன்றாம் மாதமே கலைந்து போயிருந்தது. அதனால் இந்தத் தடவை நான் படுத்தால், எழுந்தால் எல்லாவற்றுக்கும் பயம். கஞ்சித் தண்ணீர்கூடத் தங்கவில்லை. கண்ணாடியில் பார்த்தால் கன்னம் ஒட்டி, நானே யாரோ போல இருந்தேன். குழித்துறையில் நாங்கள் பார்க்கிற டாக்டரம்மா வாந்திக்கு ஒரு மாத்திரையும் ஃபோலிக் ஆசிடும் எழுதிக் கொடுத்தார். வாந்தி மாத்திரையைத் தூங்கப்போகும்போது போடு, கொஞ்சம் தூக்க மயக்கமாக இருக்கும், பயப்படாதே என்றார்.

அதற்குள் ஊருக்குச் செய்தி பரவிவிட்டது. முன்பெல்லாம் உண்டான பெண்ணைப் பார்க்க வருகிறவர்கள் அலுவாவோ பழமோ கொண்டு வருவார்களாம். இப்போது கல்ஃப் பாட்டில். வீட்டுக்கு வீடு ஒருத்தராவது வெளியில் இருக்கிறார்கள், பெட்டி கட்டும்போது சாக்லேட்டோடு வைட்டமின் டப்பாவும் வந்துவிடுகிறது. மச்சான் கொடுத்தனுப்பியது ஒன்று, மாமியின் தங்கை கொண்டுவந்தது ஒன்று, எதிர்வீட்டுக்காரி தந்த மீனெண்ணெய்க் குளிகை, இன்னும் யார் யாரோ வைத்துவிட்டுப் போனவை. மேசை மருந்துக்கடை மாதிரி ஆகிவிட்டது. கொண்டுவந்தவர்கள் சும்மாவும் இருக்கமாட்டார்கள். அடுத்த தடவை படியேறும்போதே, நாங்க தந்ததைத் தின்கிறாளா என்று மாமியிடம் கேட்பார்கள். மாமிக்குப் பொய் சொல்ல வராது. தின்கிறாள் என்று சொல்லவேண்டுமென்றால் நான் தின்றே ஆகவேண்டும். எந்த வீட்டு டப்பாவையும் விட்டுவிடாமல் ஆளுக்கொரு குளிகை, காலையில் வெறும் வயிற்றில்.

மருந்தை நான் எடுத்துப் போட மாமி விட்டதில்லை. எல்லாவற்றையும் தன் அறை அலமாரியில் வைத்துப் பூட்டிக்கொண்டார். காலையில் ஒரு கை, தூங்கப்போகும்போது டாக்டர் எழுதியவையும் சேர்த்து இன்னொரு கை. உள்ளங்கையில் குளிகைகளைப் பரப்பி, டம்ளரில் குடிக்க வெள்ளமும் எடுத்துக்கொண்டு வந்து நிற்பார். நான் விழுங்கும்வரை நகரமாட்டார். மாத்திரை மயக்கம் தரும் என்று டாக்டர் சொன்னாரே, எனக்கு ஏன் தூக்கமே வருவதில்லை? வாந்தி குறையும் என்றாரே, ஏன் கூடிக்கொண்டே போகிறது? என் புத்தி அங்கேயே சுற்றத் தொடங்கியது. வாந்தி மாத்திரை எங்கே மாமி, காட்டுங்கள் என்று ஒருநாள் கேட்டேன். எல்லாம் அதுக்குள்ள இருக்கு, நீ முழுங்கு என்றார். முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

அதற்குச் சில நாள் முன்பே மாமியின் ஃபோனுக்குச் சொந்தத்தில் யாரோ ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார்கள். வாந்தி மருந்தும் வைட்டமினும் சேர்த்துத் தின்னக்கூடாது, இரண்டும் வயிற்றில் கிடந்து சண்டை போடும், பிள்ளைக்கு ஆகாது என்று ஒரு பெண்குரல் அடித்துச் சொன்னது. மாமி அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டதை அப்போதுதான் அடுக்களையிலிருந்து நானும் கேட்டேன். எனக்குப் பகீரென்றது. மச்சானிடம் வீடியோ காலில் சொன்னால், உம்மா உனக்குக் கெடுதல் செய்வாளா, உனக்கு எதிலும் சந்தேகம்தான் என்று என்னையே பிடித்துக்கொண்டார். அவருக்கென்ன, ஏசியில் உட்கார்ந்து சொல்லிவிடலாம்.

அன்றிலிருந்து ஒரு வேலை செய்தேன். தூங்கப்போகும்போது தருகிற குளிகைகளை நாக்கடியில் ஒதுக்கி, மாமி போனதும் துப்பித் துடைத்துக் கர்ச்சீப்பில் முடிந்துவைத்தேன். காலையில் தருவதிலும் ஒரு நாள் அப்படியே செய்தேன். அடுத்த செக்கப்புக்கு மாமியும் நானும் ஆட்டோவில் போனபோது அந்த முடிச்சு என் பையில் இருந்தது. டாக்டரம்மாவின் மேசையில் அதை அவிழ்த்தேன். மாமி திடுக்கிட்டு என்னைப் பார்த்தார்.

டாக்டரம்மா பேனா முனையால் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். ஃபோலிக் ஆசிடை மட்டும் தனியாக ஒதுக்கினார். "இதுல நான் எழுதின வாந்தி மாத்திரை இல்லியே" என்றார்.

மாமி சேலை நுனியைத் திருகினார். பிறகு சொன்னார்: "நான்தான் குடுக்கல டாக்டர். ரெண்டும் சேந்தா சண்டை போடும்னு கேட்டேன். இது எல்லாம் சொந்தக்காரங்க தந்தது. தின்னாம எப்பிடி வைக்க? அதான் கடையில வாங்கினத நிறுத்தினேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. சண்டை வரும் என்று பயந்தவர் டாக்டர் எழுதியதை நிறுத்திவிட்டு விருந்தாளிகள் தந்ததைக் கொடுத்திருக்கிறார். டாக்டரம்மா கோபப்படாமல் விளக்கினார். அந்தக் குரல் சொன்ன மாதிரிச் சண்டையெல்லாம் கிடையாது. ஆனால் வாந்தி மாத்திரைக்குள்ளேயே பி வைட்டமின் ஒன்று இருக்கிறது, எல்லா டப்பாவிலும் அதுவே இருக்கிறது, எதற்கு மேலும் மேலும்? டப்பாக்களில் இருக்கிற இரும்புச்சத்து வெறும் வயிற்றில் போனால் யாருக்கும் குமட்டும், வாந்தியைக் கூட்டியதில் அதற்கும் பங்கிருக்கும். மீனெண்ணெய்க் குளிகையைப் பற்றி நான் கேட்டபோதுதான் அவர் முகம் மாறியது. அதில் ஏ வைட்டமின் கூடுதலாக இருக்கலாம், வயிற்றுப் பிள்ளைக்கு அது அதிகமானால் நல்லதில்லை, இன்றோடு நிறுத்துங்கள், ஸ்கேனில் கவனமாகப் பார்ப்போம் என்றார். டப்பாக்களையும் கொண்டுவந்து காட்டச் சொன்னார்.

என் பிள்ளைக்கு ஏதாவது ஆனால் ஊர் மரியாதையைக் கட்டிக்கொண்டு அழுங்கள் என்று ஆட்டோவில் திரும்பும் வழியெல்லாம் மனசுக்குள் திட்டினேன். வீடு வந்ததும் அலமாரிச் சாவியைக் கேட்டேன். எடுத்துத் தந்தார். அன்று முதல் நானே மாத்திரையைப் பிரித்துப் போட்டேன். நன்றாகத் தூக்கம் வந்தது. வாந்தி மெல்லக் குறைந்தது.

ஒரு காலையில் எழுந்தேன், குமட்டவில்லை. பால் விடாத கட்டன்சாயா குடித்தேன், தங்கியது. அவித்த மரச்சீனிக் கிழங்கு தின்றேன், அதுவும் தங்கியது. சந்தோஷப்பட வேண்டியவள்தான். ஆனால் மாமி அடுக்களை வாசலில் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் என்ன வேவு என்று எரிச்சலோடு கேட்டேன்.

"மொதல்ல உண்டானப்போ நீ ஒரு நாளும் வாந்தி எடுக்கல மோளே" என்றார். "சொகமா இருக்காள்னு எல்லார்ட்டயும் சொல்லிட்டு நடந்தேன். உள்ள பிள்ளை போய்ட்டது எனக்குத் தெரியல. இப்போ நீ வாந்தி எடுக்கும்போதெல்லாம், பிள்ளை இருக்குன்னு நெனச்சிட்டு இருந்தேன்."

கையிலிருந்த மரச்சீனியைத் தட்டில் வைத்துவிட்டேன். என் வயிறு அமைதியாக இருந்தது. அந்த அமைதி எனக்கும் பிடிக்கவில்லை. ஆட்டோவுக்கு ஃபோன் பண்ணுங்க மாமி என்றேன்.

டாக்டரம்மா செக்கப் நாள் இல்லையே என்று கேட்டுக்கொண்டே கட்டிலில் படுக்கச் சொன்னார். வயிற்றில் குளிர்ந்த ஜெல்லைத் தடவி, சின்னக் கருவியை அங்கும் இங்குமாக நகர்த்தினார். முதலில் வெறும் இரைச்சல். பிறகு சத்தம் வந்தது, கடகடவென்று, யாரோ ஓடுகிற மாதிரி. மாமி வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கு அப்போதும் புத்தி போகவில்லை. அது என் நெஞ்சு அடிக்கிற சத்தம் இல்லையே டாக்டர் என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு என் விரலை எடுத்து என் மணிக்கட்டிலேயே வைத்தார். என்னுடையது மெதுவாகத்தான் அடித்தது. மாமி கட்டிலின் மறுபக்கம் வந்து என் இன்னொரு கையைப் பிடித்து, தானும் நாடி பார்த்தார். இரண்டும் வேறு வேறு என்று தெரிந்த பிறகுதான் கையை விட்டார்.