முப்பத்தொரு மார்க்கும் ஒரு சித்தியும்

எனக்கு அக்கா கிடையாது. ஆனால் ஓணப் பரீட்சைக்குப் பிறகு ஓர் அக்கா மகள் இருக்கிறாள். பெயர் ஜெனிட்டா. ஒன்பதாம் வகுப்பு.

எப்படி? சொல்கிறேன்.

ஜெனிட்டாவின் அம்மா மரியபுஷ்பம் என் சிநேகிதி. சித்திரபுரத்துக்குக் கீழே தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கிறாள். நான் மேலே கரண்ட் ஆபீசில் கிளார்க். பத்தாம் வகுப்புவரை இருவரும் ஒரே பெஞ்ச். கணக்கில் அவள் எப்போதும் என்னைவிட மேல். அவள் பேப்பரைப் பார்த்து எழுதித்தான் நான் பாஸ் ஆனேன் – ஆபீசில் யாரும் பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியைப் படிப்பதில்லை என்ற தைரியத்தில் இதை எழுதுகிறேன்.

பிறகு? என் அப்பா மின்வாரியத்தில் இருந்தார். என்னைக் கல்லூரிக்கு அனுப்பினார். புஷ்பத்தின் அப்பாவுக்கு மூச்சிரைப்பு வந்து மலை ஏற முடியாமல் போனது. அவர் நின்றுவிட்டால் எஸ்டேட் கொடுத்த வரிசை வீடும் போய்விடும். வீட்டிலிருந்து இன்னொருவர் பேர் பதிந்தாக வேண்டும். பதினெட்டு வயதில் புஷ்பம் பதிந்தாள். கணக்குப் போட்டவள் கூடையைத் தூக்கினாள்... காப்பி அடித்தவள் ஃபைலைத் தூக்கினாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஜெனிட்டாவின் பள்ளிக்கூடத்தில் ஓணப் பரீட்சை, அதாவது முதல் பருவப் பரீட்சை, முடிந்ததும் பிள்ளைகளை இரண்டு பேட்ச்சாகப் பிரிப்பார்கள். மாலை ஸ்பெஷல் கிளாசுக்காக. முதல் பேட்ச்சுக்கு 'நட்சத்திரம்' என்று பெயர். இரண்டாவதற்கு 'தளிர்'. சுமாராகப் படிக்கிற பிள்ளையைச் சுமார் என்று சொன்னால் மனசு புண்படுமாம். நட்சத்திரத்தில் ரிசார்ட் மேனேஜர், பேங்க் கேஷியர், டீச்சர் வீட்டுப் பிள்ளைகள். தளிரில் யார்? தளிர் கிள்ளுகிறவர்களின் பிள்ளைகள். பெயர் வைத்தவருக்கு நல்ல நகைச்சுவை உணர்வு. அது அவருக்கே தெரியாது என்பதுதான் பாவம்.

பேட்ச் பிரிப்பதற்கு முன்னால் பெற்றோரைக் கூப்பிடுவார்கள். எப்போது? வேலை நாளில், காலை பத்தரைக்கு. கொழுந்து நன்றாக வருகிற சமயம். புஷ்பம் லீவு கேட்டால் அன்றைய கூலி போய்விடும். நான் ஆபீசில் ஒரு மணி நேரம் பர்மிஷன் போட்டால் சம்பளத்துக்கு ஒன்றும் ஆகாது.

அதனால் என்னைப் போகச் சொன்னாள். கூலி மட்டும் காரணமில்லை என்று கொஞ்சம் பொறுத்துச் சொன்னாள். போன வருஷம் இதே கிளாஸ் டீச்சரைப் போய்ப் பார்த்திருக்கிறாள். டீச்சர் வேகமான மலையாளத்தில் நிறையப் பேசினாராம். கடைசியில் புரிந்தது இவ்வளவுதான் – பிள்ளைக்குக் கணக்கு ஏறாது, தையல் படிக்க வையுங்கள்.

"நா போனா அப்படித்தான் சொல்லுதாங்க. நீ போயி என்ன சொல்லுதாங்கன்னு கேட்டுட்டு வா" என்றாள்.

போனேன். வகுப்பறை வாசலில் வரிசை. எனக்கு முன்னால் ஜீப் டிரைவர் சேகர். புஷ்பத்துக்கு அடுத்த வரிசை வீட்டுக்காரர். மகன் விஷ்ணுவும் ஜெனிட்டா வகுப்புதான். டீச்சர் மார்க் ஷீட்டைப் பார்த்தார். கணக்கில் எண்பதுக்கு முப்பத்தாறு. பையனுக்கு அடிப்படையே இல்லை என்று சொல்லி, தளிரில் டிக் அடித்தார். சேகர் தலையாட்டினார். நின்றபடியே கேட்டு, நின்றபடியே கையெழுத்துப் போட்டு, கிளம்பிவிட்டார். மொத்தமே இரண்டு நிமிஷம்.

அடுத்து நான். டீச்சர் நிமிர்ந்தார். நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்தேன். ஜெனிட்டாவுக்கு நான் என்ன உறவு என்று கேட்டார்.

சிநேகிதி என்றால் வெளியே அனுப்பிவிடுவார்களோ? வாய் முந்திக்கொண்டது. மலையாளத்தில் சொன்னேன் – அவளுடைய அம்மாவின் தங்கை.

மரியபுஷ்பத்தின் தங்கை நெற்றியில் இத்தனை பெரிய குங்குமத்தோடு எப்படி வந்தாள் என்று டீச்சர் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. அவர் கண் என் கழுத்தில் கிடந்த ஆபீஸ் அடையாள அட்டையில் இருந்தது. கழற்ற மறந்து வந்திருந்தேன்.

மார்க் ஷீட்டைத் திருப்பினார். கணக்கில் எண்பதுக்கு முப்பத்தொன்று. விஷ்ணுவைவிட ஐந்து குறைவு.

"ஆளு மிடுக்கியாணு" என்றார் டீச்சர்.

மிடுக்கி என்றால் கெட்டிக்காரி. ஒரு வருஷத்துக்கு முன்னால் கணக்கு ஏறாத அதே பெண். கொஞ்சம் கவனக்குறைவுதானாம். வீட்டில் உங்களைப் போன்ற ஒருவர் பார்த்துக்கொண்டால் பிடித்துக்கொள்வாளாம். நட்சத்திரத்தில் டிக் விழுந்தது. சாயா சாப்பிடுகிறீர்களா என்றும் கேட்டார். சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. அதுதான் இப்போதும் உறுத்துகிறது.

சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் புஷ்பத்திடம் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். சித்தியான கதை, சேகர் நின்ற கதை, முப்பத்தாறு, முப்பத்தொன்று – எல்லாம். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை. காலணியில் ஒட்டியிருந்த சேற்றைக் கல்லில் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"அப்போ எம் பிள்ளைக்கு மார்க்கு விழல. ஒனக்குத்தான் விழுந்திருக்கு" என்றாள்.

கிடைத்ததை ஏன் கெடுத்துக்கொள்ள வேண்டும், பேசாமல் இரு என்று மட்டும் சொல்லிப் பார்த்தேன். படித்தவர்கள் சொல்கிற புத்தி இப்படித்தான் இருக்கும், இல்லையா?

வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு எடுத்தாள். அரை நாள் கூலி போனால் போகட்டும் என்றாள். சேகரையும் ஜீப்பிலிருந்து இறக்கிக் கூட்டிக்கொண்டாள். என்னையும் கூப்பிட்டாள், ஆனால் வாயைத் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. மூன்று பேரும் போய் நின்றோம்.

புஷ்பம் தமிழில் பேசினாள். நிதானமாக. இவள் என் தங்கை இல்லை, கூடப் படித்தவள் என்று என்னைக் காட்டிச் சொன்னாள். எனக்கு அங்கேயே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. முப்பத்தொன்று வாங்கிய தன் மகள் நட்சத்திரம் என்றால் முப்பத்தாறு வாங்கிய சேகர் மகன் யார் என்று கேட்டாள். இல்லை, இரண்டு பேருமே தளிர்தான் என்றால் தன் மகளையும் அங்கேயே போட்டுவிடுங்கள் என்றாள்.

சேகர் சட்டென்று அவளைத் திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். கையில் கிடைத்ததை இப்படித் திரும்ப மேஜைமேல் வைக்க யாருக்கு மனசு வரும்?

டீச்சர் கெட்டவர் இல்லை. இதைச் சொல்லியாக வேண்டும். முகம் சிவந்தது. பிறகு உண்மையைச் சொன்னார். நட்சத்திர பேட்ச்சில் ரிசல்ட் காட்டியாக வேண்டும். ஒரு ஆளாக எத்தனை பிள்ளைகளைப் பார்ப்பது? வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கிற பிள்ளை எப்படியும் தேறிவிடும். அதைத்தான் பார்த்தேன் என்றார்.

புஷ்பம் கேட்டாள்: "வீட்டுல ஆளு இல்லாத பிள்ளைக்குத்தான டீச்சர் பள்ளிக்கூடம்?"

அவளுடைய தமிழ் டீச்சருக்கு முழுக்கப் புரிந்ததா, தெரியாது. நான் மொழிபெயர்க்கவில்லை. வாயைத் திறக்கக் கூடாதே! ஆனால் டீச்சர் ரெஜிஸ்டரை எடுத்தார். தளிரில் விஷ்ணு பெயரை அடித்து நட்சத்திரத்தில் எழுதினார். ஜெனிட்டா பெயரையும் நட்சத்திரத்திலேயே விட்டுவிட்டார். வருத்தம் தெரிவிக்கவில்லை. சாயா சாப்பிடுகிறீர்களா என்றும் கேட்கவில்லை.

வெளியே வந்து சேகர் ஜீப்பில் ஏறினார். அன்று நானும் ஏதாவது கேட்டிருக்கலாம், கேட்கலாம் என்றே தோன்றவில்லை என்றார்.

கிறிஸ்துமஸ் பரீட்சை முடிந்து போன வாரம் மார்க் வந்தது. கணக்கில் ஜெனிட்டா நாற்பத்தாறு. விஷ்ணு நாற்பத்தொன்பது. பள்ளிக்கூடம் 'நட்சத்திரத் திட்டம் மாபெரும் வெற்றி' என்று கேட்டில் ஃபிளெக்ஸ் கட்டியிருக்கிறது. தளிரில் மற்ற பிள்ளைகள் அப்படியே இருக்கிறார்கள். அவர்கள் வீட்டிலிருந்து யாரும் போய்க் கேட்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமை எங்கள் மூன்று பேருக்கும் அவர்கள் ஞாபகம் வரவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஜெனிட்டா கேக் கொண்டுவந்தாள். எட்டாம் வகுப்பில் தளிரில் இருந்தவளாயிற்றே, இரண்டு பேட்ச்சுக்கும் என்னதான் வித்தியாசம் என்று கேட்டேன். டியூஷன் நோட்டு, கைடு, ஸ்மார்ட் போர்டு என்று ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன்.

"கணக்கு ஒண்ணுதான் சித்தி. தளிர்ல தப்பாச் சொன்னா 'உக்காரு'ம்பாங்க. இங்க தப்பாச் சொன்னா 'இன்னொரு தடவ போட்டுப் பாரு'ங்காங்க."

பிள்ளைகளின் கல்வித்தர வித்தியாசத்தை ஆராயக் கமிட்டி போடுகிறவர்கள் சித்திரபுரம் பக்கம் வந்தால் சொல்லுங்கள்... கேக் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது.