அப்பளக்காரக் கை

திருநெல்வேலியிலிருந்து கல்லிடைக்குறிச்சி வரை உச்சி வெயிலில், அரைக்கைச் சட்டையோடு சைக்கிள் ஓட்டி வந்திருக்கிறேன். புத்தி அவ்வளவுதான். முன்கைகள் இரண்டும் சிவந்து தீயாக எரிகின்றன. தண்ணீர் கேட்டு ஓர் அப்பளக் கூடத்துக்குள் நுழைகிறேன். உளுந்து மாவு பிசைந்துகொண்டிருக்கும் அக்கா ஒருவர், என் கையைப் பார்த்ததும் எழுந்துவிடுகிறார்.

“என்ன தம்பி, தோலை இப்படி வேக வச்சிட்டு வந்திருக்கிய? இங்கன உக்காருங்க.”

தன் மதியச் சாப்பாட்டுத் தயிரைக் கிண்ணத்தோடு எடுத்து வருகிறார். எனக்குத் தடவிவிட அதில் விரலை விடப் போனவர், சட்டென்று கையை இழுத்துக்கொள்கிறார்.

“அய்யோ, மறந்தே போனேன். என் கையெல்லாம் அப்பளக்காரம் ஊறிக் கெடக்கு. பட்டா இன்னும் எரியும். நீங்களே பைய தடவுங்க, தேய்ச்சிராதிய.”

தடவுகிறேன். எரிச்சல் கொஞ்சம் கொஞ்சமாக அடங்குகிறது. அப்போதுதான் அவருடைய உள்ளங்கையைக் கவனிக்கிறேன். வெயிலே படாத அந்தக் கை, என் கையைவிட மோசமாகத் தோல் உரிந்திருக்கிறது. அப்பளம் பொரிவதற்காக மாவில் சேர்க்கும் காரம் அரித்த கை.

“இதுக்கு என்னக்கா போடுவீங்க? தயிரா, தேங்காய் எண்ணெயா?”

“எல்லாம் போட்டுப் பாத்தாச்சு தம்பி. ஒண்ணுத்துக்கும் கேக்க மாட்டேங்குது. ஞாயித்துக்கெழமை லீவு கெடச்சா மட்டும் கொஞ்சம் கேக்கும்.”

இன்று வியாழக்கிழமை. தயிர்க் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, அவர் மறுபடியும் மாவில் கை வைக்கிறார்.