விஜயதசமியன்று கிளம்பாத கார்

எங்கள் பழைய காரை விற்றுத் தள்ளிவிட வேண்டும் என்று மழைக்காலம் முழுவதும் என் கணவர் புலம்பிக்கொண்டிருந்தார். ஈரம் பட்டால் கிளம்பாது. கிளம்பினாலும் சாலைக் கடைத்தெரு நெரிசலில் நின்றுவிடும், பின்னால் வருபவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். எல்லாம் உண்மைதான். ஆனால் நான் ஓட்டப் பழகியது அந்தக் காரில். பெண்ணைப் பெற்று வீட்டுக்கு வந்ததும் அதில்தான். கொடுக்க எனக்கு மனமே இல்லை. சொன்னால், "இரும்புக்கு என்னடி சென்டிமென்ட்?" என்பார்.

சண்டை போட்டு ஓய்ந்து ஒரு முடிவுக்கு வந்தோம். பிளக்குகளுக்கு மின்சாரம் பகிர்ந்து கொடுக்கும் டிஸ்ட்ரிப்யூட்டரைப் பிரித்துச் சரிசெய்வது. விஜயதசமி காலையில் கிளம்பினால் கார் எங்களோடு இருக்கும். இல்லையென்றால் ஆக்ரிக்காரர் வந்து பழைய இரும்பு விலைக்கு எடுத்துக்கொள்வார். அவரிடம் என் கணவர் சொல்லியும் வைத்துவிட்டார்.

ஆயுத பூஜைக்கு வைத்துவிட்டால் ஸ்க்ரூடிரைவரைத் தொடக்கூடாது என்பதால் முன்னதாகவே வேலையை ஆரம்பித்தோம். நான் டார்ச் பிடிக்க, அவர் ரோட்டர், கண்டென்சர், பாயிண்ட் எல்லாவற்றையும் புதிதாக மாற்றினார். பாயிண்ட் என்பது இரண்டு குட்டி உலோக முனைகள். அவை தொட்டுத் தொட்டு விலகினால்தான் பிளக்கில் பொறி வரும். தகடு வைத்து இடைவெளி பார்த்து மூடினார். முதல் திருப்பிலேயே கிளம்பியது. அதற்கும் அவர் மசியவில்லை.

"இன்னிக்குக் கிளம்பும். தசமியன்னிக்குப் பாப்போம்."

ஸ்க்ரூடிரைவரும் ஸ்பேனரும் பூஜைக்குப் போயின. மறுநாள் நான் பானெட்டுக்கும் ஸ்டியரிங்குக்கும் சந்தனம், குங்குமம் வைத்தேன். சாமி கும்பிடாத மனுஷர் அல்லவா, பக்கத்தில் நின்று கேலி செய்தார்.

"ஆயில் விட்டாலாவது பிரயோஜனம் உண்டு."

தசமி காலையில் சாவியைத் திருப்பினால் வெறும் உறுமல்தான்.

"உள்ள மழை ஈர்ப்பம் கேறியிருக்கும். விடு, ஆக்ரிக்காரர் வந்து எடுத்துண்டு போகட்டும்" என்றார். ஆனால் அவர் முகம் தொங்கிப் போயிருந்தது.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "பூஜைதான் எடுத்தாச்சே, நானே பாக்கறேன்" என்று பானெட்டைத் தூக்கினேன். இரண்டு கிளிப்பைத் தள்ளி டிஸ்ட்ரிப்யூட்டர் மூடியை எடுத்தேன், ரோட்டரை உருவினேன். உள்ளே ஈரமே இல்லை. புதுப் பாயிண்ட் மேல் சந்தனம் அப்பியிருந்தது, நடுவில் துளி குங்குமம். அந்தக் குட்டி முனைகளுக்கு அவர் விரல் ரொம்பத் தடிமன். சந்தனம் இடுக்கில் இறங்கிக் காய்ந்து, முனைகளை ஒன்றோடொன்று தொடவிடாமல் செய்திருந்தது.

ஆயுதம் எதையும் தொடக்கூடாத நாளில், எனக்குத் தெரியாமல், வெறும் கையால் திறந்து பொட்டு வைத்திருக்கிறார். திரும்பிப் பார்த்தேன். அவர் முருங்கை மரத்தில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். அந்த நிமிஷம் அவர்மேல் எனக்கு வந்த பிரியத்தைச் சொல்லி முடியாது. பெட்ரோலில் நனைத்த துணியால் துடைத்து, ரோட்டரை மாட்டி, மூடி, சாவியைத் திருப்பினேன். கார் கிளம்பியது.

வாசலில் ஆக்ரிக்காரரின் ஆட்டோ வந்து நின்றது. நான் இறங்குவதற்குள் என் கணவர் கேட்டுக்கு ஓடினார்.

"காரைத் தர வீட்டுக்காரி சம்மதிக்கணில்லா அண்ணா. நான் என்ன செய்ய?"

ஆக்ரிக்காரர் என்னை எட்டிப் பார்த்தார். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, ஆமாம், நான்தான் விடமாட்டேன் என்றேன்.