சுவரெல்லாம் வேகம்

நாற்காலி மேல் ஸ்டூல், ஸ்டூல் மேல் சிக்னல் மாமா. இடது கையில் ரவுட்டர், வலது கையில் கைபேசி, வாயில் பென்சில். திரையில் இணைய வேகம் காட்டும் முள் ஏறி, இறங்கி, ஒரு வழியாக நின்றதும் அலமாரிக்கு மேலே சுவரில் 41 என்று எழுதுகிறார். மற்ற வீடுகளில் சுவரில் பிள்ளைகளின் உயரத்தைக் குறித்து வைப்பார்கள். இந்த வீட்டில் குளியலறைக் கதவில்கூட ஓர் எண் உண்டு. அது 3. அதற்குக் கீழே கோபமாக இரண்டு கோடுகள்.

"அவனுக்கு ஒசரத்துல இருக்கத்தான் புடிக்கும்," என்று சொல்லிக்கொண்டே இறங்குகிறார். அவன் என்றால் ரவுட்டர்.

மாமாவின் தொழில் லிஃப்ட் பழுது பார்ப்பது. இருபத்தாறு வருடமாக அடுக்குமாடிகளின் வயிற்றுக்குள் ஏறி இறங்கியவர். கான்கிரீட்டையும் இரும்பையும் உள்ளிருந்தே பார்த்தவனுக்குத்தான் வைஃபை எங்கே போய் முட்டிக்கொள்கிறது என்று தெரியும் என்பது அவர் கட்சி. யார் வீட்டுக்குப் போனாலும் செருப்பைக் கழற்றும்போதே கண் மூலை முடுக்கெல்லாம் அலையும். ரவுட்டரைச் செருப்பு அலமாரிக்குள் வைத்திருப்பவர்களைக் கண்டால் அவருக்கு மனசே ஆறாது. "மூச்சு முட்டாதாங்க அவனுக்கு?" என்பார். வந்த காரியம் அதோடு மறந்துபோகும்.

ஒருமுறை துக்கம் கேட்கப் போன இடத்திலும் இதே கூத்துதான். பத்து நிமிடம் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தவர், டிவிக்குப் பின்னால் நாலு பச்சை விளக்குகள் மினுக்குவதைப் பார்த்துவிட்டார். அவ்வளவுதான். எழுந்துபோய், அந்தப் பெட்டியைத் தூசி தட்டி எடுத்து ஜன்னலோரம் உயரத்தில் வைத்துவிட்டு, மறுபடி வந்து தலையைக் குனிந்துகொண்டார். மனைவி இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. ஒரு வாரம் கழித்து இறந்தவரின் மகனே போன் செய்தார். வெளிநாட்டில் இருக்கும் தங்கையின் முகம் இப்போதுதான் சதுரம் சதுரமாக இல்லாமல் முழுசாகத் தெரிகிறதாம். மாமாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

இந்தப் பித்து பிறவியிலேயே வந்ததல்ல. சரியாக ஒரு வருடம்தான் ஆகிறது.

மாமாவின் மனைவி ஆஸ்பத்திரி ஒன்றின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பன்னிரண்டு வருடமாகத் தற்காலிக ஊழியர். குடியிருப்பில் எல்லோருக்கும் அவர் லேப் அக்கா. யாருக்கு ரிப்போர்ட் வந்தாலும் முதலில் இவரிடம் காட்டிவிட்டுத்தான் டாக்டரிடம் போவார்கள். போன வருடம் அவருக்கு நிரந்தர வேலைக்கான நேர்காணல் வீடியோ வழியாக நடந்தது. மூன்றாவது நிமிடத்தில் அக்காவின் முகம் திரையில் வாய் திறந்தபடி அப்படியே நின்றுவிட்டது. மறுபடி இணைவதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள். வேலையும் அந்த ஆளுக்கே போயிற்று. அக்கா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. எழுந்துபோய் மீன்களுக்குத் தீனி போட்டார். நாலு திட்டு திட்டியிருந்தால் மாமா தாங்கியிருப்பார். அந்த மௌனம்தான் அவரைப் படுத்தி எடுத்தது.

மறுநாளே படிக்க ஆரம்பித்துவிட்டார். தண்ணீர் அலையைக் குடித்துவிடும் என்று தெரிந்ததும் அந்த மீன்தொட்டிதான் முதலில் நாடு கடத்தப்பட்டது. அதுவரை ரவுட்டருக்கும் மேசைக்கும் நடுவே நந்தி மாதிரி நின்றிருந்தது அது. நகர்த்தியதும் ஒன்பதாக இருந்த வேகம் இருபத்திரண்டு ஆயிற்று. மாமா அக்காவின் கையைப் பிடித்துக் கூடத்தில் ஒரு சுற்று சுற்றிவிட்டார். அடுத்து நிலைக்கண்ணாடி இடம் மாறியது. பிறகு அக்கம்பக்கத்து ரவுட்டர்கள் எல்லாம் எந்த அலைவரிசையில் நெரிசலாக நிற்கின்றன என்று பார்த்து, தம்முடையதை ஆள் நடமாட்டமில்லாத ஒன்றுக்கு மாற்றினார். ஒவ்வோர் எண் ஏறும்போதும் அவருக்கு வயது இரண்டு குறைந்தது. மச்சான் மட்டும், அதாவது அக்காவோடு கூடவே இருக்கும் தம்பி மட்டும், "மாமா, இதுக்கு மேல ஏறுனா வீடு பறந்துரும்," என்று கிண்டலடித்தார்.

இந்தச் சனிக்கிழமை பதினொரு மணிக்கு இரண்டாவது நேர்காணல். இதுவும் போனால் வயது வரம்பு தாண்டிவிடும்.

காலை எட்டு மணிக்கே மாமா போர்க்கோலம் பூண்டுவிட்டார். டிவியின் இணைப்பு துண்டிக்கப்பட்டது. கேபிளை நேராகச் செருகிவிடத்தான் அவருக்கு ஆசை, ஆனால் இரவல் வாங்கிய மெல்லிய லேப்டாப்பில் அதற்குத் துளையே இல்லை. எந்நேரமும் கைபேசியில் கேம் ஆடி லைனை இழுக்கும் மச்சான் கையில் துண்டைக் கொடுத்து, ஒரு மணிக்கு முன்னால் வீட்டுப் பக்கம் தலை காட்டக்கூடாது என்று சொல்லி முடிவெட்டும் கடைக்கு அனுப்பினார். பக்கத்து வீட்டு டீச்சரம்மாவிடம் போய், பன்னிரண்டு மணி வரை வைஃபை அலையைக் குழப்பும் மைக்ரோவேவ் அடுப்பைத் தொடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அந்த அம்மாவும் என்ன ஏது என்று கேட்காமல் பச்சைக் கேரட்டைக் கடித்துக்கொண்டே தலையாட்டினார்.

பத்து ஐம்பத்தைந்துக்கு அறுபத்திரண்டு வந்தது. வீட்டின் சரித்திரத்திலேயே அதிகம். அக்கா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மாமா வெளியே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கைபேசியை மடியில் வைத்துக்கொண்டார்.

ஐந்து நிமிடம் உள்ளே பேச்சு ஆறாக ஓடியது. அறுபத்திரண்டு அப்படியே இருக்கிறதா என்று மாமாவுக்குத் தெரிந்தாக வேண்டும். தட்டிப் பார்த்தார். முப்பது. மறுபடி தட்டினார். இருபத்தெட்டு. உள்ளே அக்கா, "சார், கேக்குதுங்களா?" என்று இரண்டு தரம் கேட்டார்.

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. டீச்சரம்மா வீட்டுக்கு ஓடினார். அடுப்பு அணைந்துதான் கிடந்தது. மச்சானுக்குப் போன் போட்டு வீட்டுப் பக்கம் வந்து எவனோடு கேம் ஆடிக்கொண்டிருக்கிறாய் என்று சீறினார். முகமெல்லாம் சோப்பு நுரையோடு மச்சான் சத்தியம் செய்தார். மூச்சு வாங்க வந்து உட்கார்ந்து மறுபடி தட்டினார். உள்ளே, "மேடம், இப்ப தெரியுதுங்களா?"

விரலை எடுத்தார். சிறிது நேரத்தில் அக்காவின் குரல் தங்கு தடையில்லாமல் வந்தது. தட்டினார். "சார், கேக்குதுங்களா?"

மாமா தன் விரலையே பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. லைனில் இருப்பதையெல்லாம் ஒரே மூச்சில் இழுத்துப் பார்த்துத்தான் அந்தச் சோதனை எண்ணைச் சொல்லும். மேலே ஒருவர் குளித்துக்கொண்டிருக்கும்போது, தண்ணீர் சரியாக வருகிறதா என்று பார்க்கக் கீழ்க்குழாயை முழுசாகத் திறந்துவிட்டவன் கதைதான். இதை அவரே நாலு பேருக்கு விலாவாரியாக எடுத்துச் சொல்லியிருக்கிறார்.

உள்ளே ஒரு பெண்குரல் கேட்டது. "இப்ப நல்லா வருது. நடுவுல என்னம்மா ஆச்சு?"

"தெரியலைங்க மேடம்," என்றார் அக்கா. "ஆனா வெளிய எங்க வீட்டுக்காரர் இருக்காரு. அவரு பாத்துக்குவாரு. பயமில்ல."

போன வருடம் முழுக்கச் சொல்லாமல் வைத்திருந்தது இதைத்தானா என்று மாமா சாத்தியிருந்த கதவைப் பார்த்தார். கூடவே, தரையைப் பிளந்து உள்ளே போய்விடலாம் போலவும் இருந்தது. கைபேசி மடியில் சும்மா கிடந்தது. எண் தெரியாமல் ஒரு நிமிடம் இருப்பது எத்தனை பெரிய வேலை என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

ரத்தம் எடுத்த குப்பியில் ஒட்டியிருக்கும் பெயரில் சந்தேகம் வந்தால் என்ன செய்வீர்கள் என்று உள்ளே கேட்டார்கள்.

"திரும்ப ஊசி குத்தி எடுப்பேங்க," என்றார் அக்கா. "அவங்க திட்டினாலும் வாங்கிக்குவேன். ஒருத்தர் ரத்தத்துக்கு இன்னொருத்தர் பேரை ஒட்டி அனுப்ப மாட்டேன்."

கொஞ்ச நேரம் தாள் புரளும் சத்தம். யாரோ யாரிடமோ தாழ்ந்த குரலில் என்னவோ சொன்னார்கள். பிறகு அந்தப் பெண்குரல், திங்கட்கிழமை வந்து நிரந்தர வேலைக்கான உத்தரவை வாங்கிக்கொள்ளும்படி சொன்னது. இருங்கள், சேரவேண்டிய தேதியையும் இப்போதே பார்த்துச் சொல்லிவிடுகிறோம் என்றது.

மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. கத்த முடியாது, குதிக்க முடியாது, பேச்சு இன்னும் முடியவில்லை. சந்தோஷம் வந்தால் அவருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். வலது கட்டைவிரல் தானாகவே திரையை நோக்கி நகர்ந்தது. அதை இடது கையால் எட்டிப் பிடித்து, இறுக்கி மூடி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.