சச்சி மாஸ்டரின் வலது கால்

வென்ட்வேர்த்வில் பக்கம் சச்சிதானந்தனிடம் ஏச்சு வாங்காத தமிழ்க் குடும்பம் குறைவு. அவர் கார் ஓட்டப் பழக்குகிறவர். எல்லோருக்கும் சச்சி மாஸ்டர். பழக்குகிறவர் இருக்கும் பக்கத்திலும் அவருடைய காரில் ஒரு பிரேக் உண்டு. அந்தப் பிரேக்குக்குப் பக்கத்தில் மாஸ்டரின் வலது கால் இருக்கும்வரை பிள்ளையைப் பயமில்லாமல் அனுப்பலாம் என்று தாய்மார் சொல்லுவார்கள்.

அந்தக் கால்தான் சண்டித்தனம் செய்யத் தொடங்கியது.

ஒருநாள் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றக் குனிந்தார். ஒன்றுதான் இருந்தது. மற்றது கார் நிறுத்திய இடத்திலேயே கழன்று கிடந்தது. அது கழன்றதைக் கால் அவருக்குச் சொல்லவேயில்லை.

"என்னப்பா, வீட்டில இருந்தே ஒற்றைச் செருப்போடயோ வந்தனீங்கள்?" என்று கேட்டாள் மனைவி நாகேஸ்வரி.

அப்போது சிரித்துச் சமாளித்தார். பிறகு கடைக்குள் வெறும் சமதரையில் தடக்கி விழுந்து, தக்காளிக் குவியலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு எழும்பியபோதுதான் டொக்டரிடம் போக ஒத்துக்கொண்டார். நரம்பு டொக்டர் இளம் பெண். பொறுமையாக விளக்கினாள். கால் நரம்புகள் மெல்ல மெல்லப் பழுதாகின்றன. அதனால் பாதத்தைத் தூக்குகிற தசை வற்றுகிறது. திருப்பிக் கொண்டுவர மருந்து இல்லை. உடற்பயிற்சி செய்யலாம், பாதம் தொங்காமல் இருக்க, சப்பாத்துக்குள் ஒரு பிளாஸ்டிக் தாங்கி போடலாம்.

"என்ன வேலை செய்கிறீர்கள்?" என்று கேட்டாள்.

"ரீச்சர்," என்றார் மாஸ்டர். டொக்டர் கரும்பலகையை நினைத்துக்கொண்டு அப்படியே எழுதிவிட்டாள்.

பிளாஸ்டிக் தாங்கி வந்தது. "இதைப் போட்டு நடந்தால் ரோபோ எண்டு சனம் சிரிக்கும்," என்று அதை உடுப்பு அலுமாரிக்குள் தள்ளிவிட்டார்.

அந்த நாட்களில் அவரிடம் பழக வந்துகொண்டிருந்தவர் ஷூலின் என்ற சீனப் பெண்மணி. லிட்கத்தில் மூலிகை மருந்துக்கடை வைத்து வைத்தியம் பார்ப்பவர். மாஸ்டருக்கு அந்தப் பெயர் வாயில் வராமல் 'சூலினி' ஆகிவிட்டது. அது சூலம் ஏந்திய அம்மனின் பெயர் என்று அவர் விளக்கியதிலிருந்து மாஸ்டர் வாயிலிருந்து வேறு பெயரை ஏற்க ஷூலின் மறுத்தார். கடையில் நூற்றுக்கணக்கான இழுப்பறைகளில் எந்த வேர் எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். வில்லங்கம் என்னவென்றால், ரோட்டுச் சுற்றுவட்டமான ரவுண்டபவுட்டிலும் கண்ணை மூடிவிடுவார். ஓட்டச் சோதனையில் எத்தனையோ முறை கோட்டை விட்டிருந்தார்.

இருவரும் அவரவர் ஆங்கிலத்தில்தான் பேசினார்கள். அதை நான் தமிழில் சொல்லுகிறேன்.

"மாஸ்டர், நீங்கள் கொக்கு மாதிரி நடக்கிறீர்கள். நாக்கை நீட்டுங்கள்," என்றார் ஷூலின், பரமற்றா ரோட்டில் சிவப்பு விளக்கில் நிற்கும்போது.

"இஞ்சையோ?"

"பச்சை வருவதற்குள்."

மாஸ்டர் நீட்டினார். ஷூலின் அவருடைய முகத்தைத் தன் பக்கம் திருப்பி உற்றுப் பார்த்தார். பக்கத்து லொறிச் சாரதி அதைத் தனக்கென்று எடுத்துக்கொண்டு, தன் நாக்கையும் நீட்டிக் காட்டிவிட்டுப் போனான்.

அடுத்த கிழமை மருந்துப் பொட்டலம் வந்தது. குசினி முழுக்க, மழையில் நனைந்த சாக்கை அவித்ததுபோல ஒரு மணம். நாகேஸ்வரி மூக்கைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு சட்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"உது வேர், உது பட்டை... உது என்ன, வத்தலோ?"

மாஸ்டர் ஷூலினுக்குப் போன் எடுத்துக் கேட்டார். கேட்டுவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டார்.

"காய்ஞ்ச மண்புழுவாம்."

"ஐயோ! இண்டைக்கு வெள்ளிக்கிழமையப்பா!"

சட்டி, அகப்பை எல்லாம் குப்பைக்குப் போயின. ஷூலின் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, புழு இல்லாத பொட்டலம் கட்டித் தந்தார். மாஸ்டர் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடித்தார். நல்ல நித்திரை வந்தது. கால் சில்லிடுவது குறைந்ததுபோல இருந்தது. "நரம்பு எழும்புது!" என்று கண்டவர் எல்லோரிடமும் சொன்னார். எனக்கும் சொன்னார்.

நரம்பு எழும்பவில்லை.

லிட்கத்தில் ஓர் ஒழுங்கையில் ஷூலின் ஓட்டிக்கொண்டிருந்தபோது, ஒரு வீட்டு வாசலிலிருந்து வான் ஒன்று சட்டென்று பின்பக்கமாக வந்தது. மாஸ்டர் பிரேக்கை மிதித்தார். மிதித்ததாக நினைத்தார். தொங்கிய பாதம் பெடலுக்குக் கீழே மடிந்து மாட்டிக்கொண்டது. ஆனாலும் கார் நின்றது. பிரேக் பிடித்தவர் ஷூலின். கண்ணை முழுசாகத் திறந்து வைத்திருந்தார்.

வான்காரன் கையை ஆட்டி மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனான். ஷூலின் சிக்னல் போட்டு, கண்ணாடி பார்த்து, ஒழுங்காகக் காரை ஓரங்கட்டினார். அவ்வளவு வடிவாக அவர் ஓரங்கட்டி மாஸ்டர் கண்டதில்லை. அந்தச் சாரதி ஆசனத்தில் இருந்து பழகிய பிள்ளைகளின் முகங்கள் கண்முன் வரிசையாக வந்தன.

"என்னுடைய மருந்து நித்திரை தரும், கொஞ்சம் சூடு தரும்," என்றார் ஷூலின். "பழுதான நரம்பைத் திருப்பித் தரும் என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை. டொக்டர் ஏதும் தரவில்லையா?"

"ஒரு பிளாஸ்டிக் தாங்கி தந்தவ."

"எங்கே அது?"

"அலுமாரிக்குள்ள."

"ஏன், அலுமாரிக்கும் நடக்க ஏலாதா?"

அன்றே மாஸ்டர் எல்லா வகுப்புகளையும் நிறுத்தினார். டொக்டரிடம் போனபோது நாகேஸ்வரியும் கூடப் போனாள்.

"டொக்டர், இவர் ரீச்சர்தான். கார் ஓட்டப் பழக்கிற ரீச்சர்."

டொக்டர் பேனையை மேசையில் வைத்துவிட்டு மாஸ்டரைப் பார்த்தாள். மாஸ்டர் தன் சப்பாத்தைப் பார்த்தார். மூலிகை விஷயமும் வெளியே வந்தது. டொக்டர் ஏசவில்லை, ஈரலுக்கு இரத்தப் பரிசோதனை செய்தாள், ஷூலினிடம் போனில் பேசி ஒவ்வொரு வேராகக் கேட்டறிந்தாள். மாஸ்டர் ஏற்கனவே குடிக்கும் பிரஷர் குளிசையோடு ஒத்துப்போகாத ஒன்றை இருவரும் சேர்ந்தே நிறுத்தினார்கள்.

பழக்குகிற வேலை அத்தோடு முடிந்தது. தான் ஓட்டுவதற்கு, இடது காலால் மிதிக்கும்படி அக்சிலரேற்றரை மாற்றிப் பூட்டி, புதிதாகப் பழகி ஓட்டச் சோதனையில் சித்தியடையவேண்டும் என்றார்கள். மாஸ்டருக்குப் பழக்க வந்தவள் ஹரிப்பிரியா, அவரிடமே முன்பு பழகியவள். "அங்கிள், ப்ளீஸ், கொஞ்சம் கதைக்காம ஓட்டுங்கோ," என்று கெஞ்சிக் களைத்தாள். முதல் சோதனையில் அதிகாரிக்கே வழி திருத்தப்போய்த் தோற்றார். வீட்டுக்கு வந்ததும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நாகேஸ்வரி குசினிக்குள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அடுத்த முறை பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிச் சித்தியடைந்தார். அதற்கு முன்பே ஷூலின் சித்தியடைந்துவிட்டார்.

கால் இன்னும் மெலிந்துகொண்டுதான் போகிறது. தாங்கியைப் போட்டுக்கொண்டு ரயில் ஸ்ரேசன்வரை நடக்கிறார், விழுவதில்லை. ரோபோ என்று சிரிக்க யாருக்கும் நேரமில்லை என்பதும் தெரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஷூலின் இடியப்பமும் சொதியும் சாப்பிட வருவார். போன கிழமை நானும் போயிருந்தேன். சாப்பிட்டுவிட்டு அவர் காரைப் பின்பக்கமாக எடுக்க, மாஸ்டர் வாசலில் நின்று, "இடது பக்கம், இன்னும் இடது, தபால்பெட்டி!" என்று கத்தினார்.

ஷூலின் கையசைத்தார். பிறகு யன்னல் கண்ணாடியை மெதுவாக மேலே ஏற்றி மூடிவிட்டு, தபால்பெட்டியில் முட்டாமல் போனார்.