எலும்பு மேசையில் கேட்ட குரல்

இது கட்டுக்கதை இல்லை. அந்த ஒலிப்பதிவு இன்றும் ஐனோவாவிடம் இருக்கிறது. கேட்டவர்களில் பாதிப் பேர் நடுவிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டார்கள்.

ஐனோவா எலும்பு ஆராய்ச்சியாளர். வடக்கு ஸ்பெயினில், புர்கோஸ் பக்கம் ஒரு சிற்றூர். எழுபது ஆண்டுகளுக்கு முந்தைய உள்நாட்டுப் போரில் சுட்டுப் புதைக்கப்பட்டவர்களைத் தோண்டியெடுத்து, யார் என்று கண்டுபிடித்து, வீட்டாரிடம் ஒப்படைப்பது அவள் வேலை. மண்டையோடுகளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து ரொட்டி தின்பவள். பேய் என்றால் சிரிப்பாள்.

அன்று பிப்ரவரி மாதத்து மாலை. வெளியே நல்ல வெளிச்சம். கீழ்த்தளத்து ஆய்வறையில் ஓர் ஆணின் எலும்புகளை மேசைமேல் வரிசையாக அடுக்கி அளந்தாள். இரண்டு கையிலும் உறை. அதனால் எழுதாமல், வாயால் சொல்லிப் பதிவு செய்தாள். முடித்ததும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, தட்டச்சு செய்ய உட்கார்ந்தாள்.

"ஆண். முதுகெலும்பில் தேய்மானம். வயது நாற்பதுக்கு மேல்." அவள் குரல்.

பிறகு ஓர் இடைவெளி. எங்கோ சுவரோரத்திலிருந்து...

"முப்பத்தொண்ணு."

ஒரு பெண்ணின் குரல்.

அறையில் அவளைத் தவிர யாரும் இருந்திருக்கவில்லை. மாடியில் வேலை செய்யும் ரமிரோவை ஃபோனில் பிடித்தாள்.

"என்ன விளையாட்டு இது?"

"எது?"

"பொம்பளைக் குரல்ல பேசினது யாரு?"

"காலையிலேர்ந்து நான் பல்லு சுரண்டிட்டு இருக்கேன். மத்தவங்க பல்லு. நீ வீட்டுக்குப் போய்த் தூங்கு."

ஐனோவா மறுபடியும் பதிவை ஓடவிட்டாள்.

"இடது முன்கையில் பழைய முறிவு. கோணலாக ஒட்டியிருக்கிறது."

துணி உரசும் சத்தம்... சர்... சர்...

"கோவேறு கழுதை உதைச்சது. கட்டுப் போட்டது நான்தான்."

இப்போது குரல் சுவரோரத்தில் இல்லை. மேசைக்கு அருகில் இருந்தது.

ஐனோவா பதிவை நிறுத்திவிட நினைத்தாள். கை வரவில்லை.

"வலது பாதம். குதிகால் எலும்பு..."

டக்... டக்... எலும்பு மேசையில் படும் சத்தம்.

ஒரு மூச்சு. அவள் காதோரம்.

"மெல்ல... அவருக்கு அங்க கூசும்."

அதோடு, பொத்திய வாய்க்குள் ஒரு சின்னச் சிரிப்பு.

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தாள்.

சிரிப்பு நிற்கவில்லை.

அது அறைக்குள் கேட்டது...

எப்படி மாடியேறினாள் என்று அவளுக்கே தெரியாது.

மே மாதம் டி.என்.ஏ. முடிவு வந்தது. இறந்தவரின் மகள் ஹசிந்தா, எண்பத்திரண்டு வயது, எலும்புகளை வாங்கிப்போக ஆய்வறைக்கு வந்தாள்.

"அந்தப் பதிவைப் போட்டுக் காட்டிடாதே, பாவம்," என்றான் ரமிரோ.

ஆனால் ஐனோவா மூன்று மாதமாகச் சரியாகத் தூங்கவில்லை.

"சாகும்போது உங்க அப்பாவுக்கு என்ன வயசு?"

"முப்பத்தொண்ணு. கல்லுடைக்கிற வேலை. பார்த்தா கிழவர் மாதிரி இருப்பார்."

ஐனோவா பதிவைப் போட்டாள். ஹசிந்தா கடைசிவரை கண் கொட்டாமல் கேட்டாள்.

"எங்கம்மா," என்றாள்.



"அப்பாவைச் சுட்ட அடுத்த வாரம் அவளைப் பிடிச்சிட்டு வந்தாங்க. இந்தக் கட்டடத்துக்குத்தான். அப்போ இது பொம்பளைங்க ஜெயில். எனக்கு ஒன்பது வயசு. வெளிய கதவுகிட்ட நின்னுட்டே இருந்தேன்."

"அப்புறம்?"

"அவ வெளிய வரல. உடம்பையும் தரல."

ஹசிந்தா எலும்புப் பெட்டிமேல் கையை வைத்தாள். பிறகு அதை ஐனோவா பக்கமாக நகர்த்தினாள்.

"இவரை நான் கூட்டிட்டுப் போயிட்டா, அவ இங்க தனியா இருப்பா, பொண்ணே."

வெறுங்கையோடு படியேறிப் போனாள்.

ஹசிந்தாவின் அம்மாவைத் தேடி, ஆய்வறைத் தரையைத் தோண்டிப் பார்க்க ஐனோவா அனுமதி கேட்டிருக்கிறாள். இன்னும் வரவில்லை. பெட்டி அந்த அறையிலேயே இருக்கிறது.