கண்ணீருக்கு வைச்ச ஃபோகஸ்

ஆவணப்படம் எடுக்கிறது எண்டால் வேறையொண்டுமில்லை, மற்றவையின்ரை துக்கத்துக்கு லைட் பிடிக்கிறதுதான். கமராவைத் தூக்கிக்கொண்டு அலையிற சகபாவிகளே, உங்களிட்டைச் சொல்லாமல் ஆரிட்டைச் சொல்ல?

தோட்டத்துக் கேள்வி

புத்தூருக்குப் போற வழியிலை, நீர்வேலியிலை மோட்டச்சைக்கிள் நிண்டிட்டுது. வாழைக்குத் தண்ணி மாறிக்கொண்டு நிண்ட ஐயா கமராவைக் கண்டிட்டு, கலியாணவீடோ எண்டார். இல்லையெண்டன். சாமத்தியவீடோ எண்டார். காணாமல் போன பெடியன் ஒருத்தன்ரை தாயைப் படமெடுக்கப் போறன் எண்டு சொன்னன். மண்வெட்டியை ஊண்டிக்கொண்டு என்னை மேலையும் கீழையும் பாத்தார்.

"கலியாணமெண்டால் கனடாவிலையிருந்தும் பாப்பினம். உதை ஆர் தம்பி பாக்கிறது?"

பழகின வீடு

பரமேஸ்வரி அக்காவின்ரை மகன் சண்டை முடியேக்கை காணாமல் போனவன். அண்டையிலையிருந்து எத்தினை கமரா வந்து போயிருக்கும்! நான் வாய் திறக்க முன்னமே ஃபானை நிப்பாட்டினா, கதிரையை வெளிச்சத்துக்குத் திருப்பிப் போட்டா, மகன்ரை படத்தை மடியிலை நிமித்திப் பிடிச்சா. பிறகு, சாமான் வாங்கிற கடையிலை கேக்கிற மாதிரிக் கேட்டா:

"அழுகிறதை இப்பவே எடுக்கிறியளோ, தேத்தண்ணி குடிச்சிட்டோ?"

கொழும்புத் துரை

அக்கா அழேல்லை. மகனுக்கு இடது புருவத்திலை தழும்பு இருக்கு, ஆராவது கண்டால் சொல்லுங்கோ எண்டு தெளிவாச் சொன்னா. அவவுக்கு வேண்டியது அது ஒண்டுதான். படத்துக்குக் காசு போடுற நிறுவனத்துத் துரைக்கு அது காணாது. நெஞ்சிலை கையை வைச்சு, மூக்காலை கதைப்பார் மனுசன். திரும்பப் போய் எடு, கண்ணைக் கிட்டவா எடு, மடியிலை கிடக்கிற ஃபோட்டோ மங்கலாக் கிடக்கட்டும், அதுதான் ஆர்ட் எண்டார். முதல் எடுத்தது அழிஞ்சுபோச்சு எண்டு பொய் சொல்லித்தான் அக்காவைத் திரும்ப இருத்தினன். அண்டைக்கு அழுதா. துரைக்குச் சந்தோசம் தாங்கேலாது.

"ப்ரதர், மொதல் தடவ தகவல் இருந்திச்சு. இப்பதான் ஃபீலிங் இருக்கு."

கைதட்டல்

யாழ்ப்பாணம் டவுணிலை படத்தைப் போட்டினம். அக்காவை முன் வரிசையிலை இருத்தினவை. திரை முழுக்க அவவின்ரை கண்ணீர். கீழை மடியிலை ஏதோ வெள்ளையா ஒரு மங்கல். சனம் எழும்பி நிண்டு கை தட்டிச்சுது. அக்கா தட்டேல்லை. என்னைக் கிட்டக் கூப்பிட்டு, மெதுவாக் கேட்டா:

"துலைஞ்சது நானில்லையே தம்பி. என்னையேன் உவ்வளவு பெரிசாக் காட்டினனீங்கள்?"

படத்துக்கு விருது குடுத்தவை, ஆனால் அதைப் பாத்திட்டு ஒருத்தரும் அந்தப் பெடியனைக் கண்டனான் எண்டு வந்து சொல்லேலாது.